புதுசா வந்த பால் பைத்தான் (ball python) எலியத் தொடவே மாட்டேங்குதுங்க, என்ன பண்றது?

நொய்யல்கரை (திருப்பூர்):
எல்லாருக்கும் வணக்கமுங்க. தெரிஞ்சவரு ஒருத்தரு வேலைக்கு வெளிநாடு போறாருன்னு அவரு வளத்துன பால் பைத்தானை, பந்தாட்டம் சுருண்டுக்கற ஆப்பிரிக்க மலைப்பாம்புங்க, எங்ககிட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. மத்திய அரசோட பரிவேஷ் சைட்ல பதிவு பண்ணுனதுதாங்க, எங்க பேருக்கு மாத்தறதுக்கும் போட்டாச்சு. ஆம்பளைப் பாம்பு, 600 கிராம் கிட்ட இருக்குது. அவரு ஊட்ல வாராவாரம் சுண்டெலி தின்னுட்டு இருந்துச்சாம், இங்க வந்ததுல இருந்து ஒண்ணுமே எடுக்கல. கடையில ஃப்ரீசர்ல இருந்த வெள்ளை எலி, கொஞ்சம் பெருசு, வாங்கிட்டு வந்து ஐஸ் விட்டதும் உள்ள வெச்சேன், கிட்டயே வரல, தலைய உள்ள இழுத்துட்டு சுருண்டுக்குது. மறுபடி வெச்சும் அதே கதைதான். மூணடி கண்ணாடித் தொட்டி, ஹால்ல டிவி பக்கத்துல இருக்குது, ஒரு ஓரத்துல அடியில ஹீட்டிங் பேட், ஒளிஞ்சுக்க ஒரு பெரிய மண்சட்டிய ஒடைச்சு கவுத்து வெச்சிருக்கேன். அக்கம்பக்கத்துப் பசங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. எங்க அம்மிச்சி வேற பாலும் முட்டையும் வெச்சுப் பாரு சாமின்னு சொல்லிட்டே இருக்காங்க. நெம்ப வெசனமா இருக்குதுங்க, பட்டினியில செத்துப் போயிருமோன்னு ராத்திரி தூக்கமே வர்றதில்ல.

சிங்காநல்லூரான்:
அம்மிணி, வெசனப்படாதீங்க, பால் பைத்தான் வளத்துற எல்லாரும் இதைப் பாத்திருப்போம். எடம் மாறுனா சாப்பாட்ட நிறுத்தறதுதான் இதோட கொணம், நல்லா சதை புடிச்ச பெரிய பாம்பு மாசக்கணக்குல கூட தின்னாம இருக்கும், அதுனால உசுருக்கு ஆபத்துன்னு இப்பவே நெனைக்க வேண்டாம். ஆனா நீங்க எழுதுனதுல மாத்த வேண்டியது கொஞ்சம் இருக்குதுங்க.

மொதல்ல தொட்டிய ஹால்ல இருந்து எடுத்துருங்க, ஆள் நடமாட்டம் இல்லாத ரூம்ல வெச்சு மூணு பக்கமும் அட்டையோ துணியோ ஒட்டிருங்க. இந்த ஜாதி ஆப்பிரிக்காவுல எலி வளையிலயும் கரையான் புத்துலயும் பதுங்கிக் கெடக்கறது, நாலு பக்கமும் வெட்டவெளியா இருந்தா அதுக்குப் பயம், பயந்த பாம்பு வாயே தொறக்காது. மண்சட்டி நல்லதுதான் ஆனா பெருசா இருக்கப்படாது, உள்ள சுருண்டா ஒடம்பு சுத்தியும் ஒரசணும், அதே மாதிரி சூடு இருக்கற பக்கம் ஒண்ணு, குளுந்த பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு வெக்கணும். ஒண்ணுதான் இருந்துச்சுன்னா ஒளியறதா சூடு காயறதான்னு அது தவிக்கும்.

அடுத்தது சூடு. பேட் இருக்குதுன்னு சொல்றீங்க, எத்தனை டிகிரின்னு சொல்லவே இல்லியே? சூட்டுப் பக்கம் 31ல இருந்து 33, குளுந்த பக்கம் 25ல இருந்து 27 டிகிரி செல்சியஸ் இருக்கோணும். இப்ப மார்கழி, நம்ம பக்கம் ராத்திரி 20 டிகிரி கிட்ட எறங்கிருது, காத்தும் வறண்டு கெடக்குது. சூடு இல்லாட்டி பாம்புக்கு செரிக்காது, அது தெரிஞ்சுதான் தின்னாம இருக்குது. பேட்டுக்குக் கட்டாயம் தெர்மோஸ்டாட் (சூடு ஏறாம கட்டுப்படுத்தற கருவி) போடுங்க, இல்லீன்னா வயிறு வெந்துரும். ஈரப்பதம் 60 சதவீதம் கிட்ட இருக்கட்டும், பொள்ளாச்சி பக்கம் உப்புப் போகக் கழுவுன தேங்கா நார்த்தூள் கட்டி சல்லிசா கெடைக்கும், அதைப் போட்டு லேசா நனைச்சு வெச்சா போதும்.

இதெல்லாம் பண்ணிட்டு ஒரு வாரம் பத்து நாள் கையே வெக்காதீங்க. தண்ணி மாத்தறது, கழிவு எடுக்கறது தவிர வேற எதுக்கும் தொறக்க வேண்டாம். பசங்கள அப்பறமா வரச் சொல்லிக்கலாம்.

பாலும் முட்டையும் வேண்டாமுங்க. பாம்புக்குப் பால் செரிக்காது, பால் பைத்தானுக்கு முட்டையும் சாப்பாடு இல்ல. அம்மிச்சிகிட்ட பதமா சொல்லிப் போடுங்க.

கொடுமுடித் தம்பி:
அக்கா, எங்க ஊர்ல ஒரு அண்ணன் வாயத் தொறந்து உள்ள திணிச்சு உடுவாரு, அப்பறம் தானா தின்னுச்சாம். இல்லாட்டி வயல் எலி உசுரோட புடிச்சுக் குடுத்துப் பாருங்க, துடிக்கறதைப் பாத்தா பாய்ஞ்சு புடிக்கும். நாமக்கல்ல இருந்து ஒரு நாள் கோழிக்குஞ்சு கூட வாங்கிக்கலாம்.

கால்நடை மாணவி (நாமக்கல்):
தம்பி, தயவுசெஞ்சு திணிக்கச் சொல்லாதீங்க. பயந்து கெடக்கற பாம்புக்கு அது இன்னும் பயம், பல்லும் வாயும் புண்ணாகும், தின்னதையும் கக்கிரும். அது டாக்டர் பாத்து முடிவு பண்ண வேண்டியது. வயல் எலி வேண்டவே வேண்டாம், எலி மருந்து தின்னதா இருக்கலாம், ஒட்டுண்ணியும் இருக்கும். உசுரோட எந்த எலி உட்டாலும் பாம்பு புடிக்காம இருந்தா எலி பாம்பைக் கடிச்சுக் கொதறிரும். கோழிக்குஞ்சு ஆத்திர அவசரத்துக்கு ஒருக்கா சரி, வழக்கமா எலிதான்.

நொய்யல்கரை அக்கா, அது பழகுனது சுண்டெலி, நீங்க குடுத்தது பெரிய ஜாதி எலி. பால் பைத்தான் பழகுன வாசனைய உட்டுட்டு வேற எடுக்க நெம்ப யோசிக்கும். மொதல்ல சுண்டெலியே குடுத்துத் திங்க வெச்சிருங்க, பொறவு மாத்திக்கலாம். மாத்தும்போது சுண்டெலி படுத்திருந்த மரத்தூள்ல இந்த எலியப் பொரட்டிக் குடுத்தா சிலது ஏமாந்து எடுத்துக்கும்.

இன்னொண்ணு, ஐஸ் விட்டா மட்டும் போதாது. பால் பைத்தானோட மேலுதட்டுல வரிசையா குழி இருக்கும் பாருங்க, அதுலதான் இரையோட சூட்டைக் கண்டுபுடிக்குது, சில்லுனு இருக்கற எலி அதுக்கு இரையாவே தெரியாது. மொத நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வெச்சு எளக வையுங்க, அப்பறம் ஜிப் கவர்ல போட்டு சுடுதண்ணியில முக்கி எலி மேல 38, 40 டிகிரி வந்ததும் தொடச்சுட்டு நீளமான இடுக்கியில தலைப்பக்கம் முன்னால இருக்கற மாதிரி குடுங்க. மைக்ரோவேவ்ல வெக்காதீங்க, வெந்து வெடிச்சுரும். ராத்திரி லைட் அணைச்சுட்டுதான். அஞ்சு நிமிசம் பாத்துட்டு எடுக்காட்டி சட்டி வாசல்ல வெச்சுட்டு நகந்துருங்க, காலையில அப்படியே இருந்தா தூக்கிப் போட்டுருங்க, திரும்ப ஃப்ரீசர்ல வெக்கக் கூடாது. அடுத்தது ஒரு வாரம் கழிச்சுத்தான், தெனமும் காட்டுனா வெறுத்துப் போயிரும்.

கண்ணு பால் மாதிரி மங்கியிருந்தா தோல் உரிக்கப் போவுதுன்னு அர்த்தம், உரிச்சு முடியற வரைக்கும் உட்டுருங்க. வாரம் ஒருக்கா கிச்சன் தராசுல எடை எழுதி வையுங்க. 60 கிராம் கொறைஞ்சாலோ, வாயத் தொறந்து மூச்சு உட்டாலோ, மூக்குல நுரை, வாய்க்குள்ள சீழ், கண்ணோரத்துல நகர்ற கருப்புப் புள்ளின்னு எது தெரிஞ்சாலும் காத்திருக்க வேண்டாம், ஊர்வன பாக்கற டாக்டரான்னு போன்ல கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க.

வாய்க்கால்மேடு:
எங்க தோட்டத்துல மண்ணுளிப் பாம்பு அடிக்கடி தென்படுது, அதை வளத்துனா இந்தத் தொந்தரவு இருக்காதுல்லீங்களா?

சிங்காநல்லூரான்:
வேண்டாமுங்க தம்பி. மண்ணுளிப் பாம்பை ஊட்ல வெச்சுக்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல குத்தம். அது தோட்டத்துலயே இருக்கட்டும், எலி கொறையும்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா சூட்டுப் பக்கமே 27தான் இருந்துச்சு, தெர்மோஸ்டாட் போட்டு 32க்குக் கொண்டாந்தேன், தொட்டிய மாடி ரூமுக்கு மாத்தியாச்சு, சின்ன சட்டி ரெண்டு. சொன்ன மாதிரி தொடாம உட்டுட்டு நேத்து ராத்திரி சூடு பண்ணுன சுண்டெலி காட்டுனேன், நாக்கை நீட்டி நீட்டிப் பாத்துச்சு, அப்பறம் வெடுக்குனு புடிச்சு சுத்திருச்சுங்க! கையெல்லாம் நடுங்கிருச்சு எனக்கு. அம்மிச்சி படிக்கட்டுல நின்னுட்டு தின்னுச்சா தின்னுச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க. இனி எப்ப குடுக்கறது, பெரிய எலிக்கு எப்ப மாத்தறது?

கால்நடை மாணவி (நாமக்கல்):
அக்கா, கேக்கவே சந்தோசமா இருக்குது! ரெண்டு நாள் தூக்காதீங்க, கக்கிரும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி சுண்டெலியே, இதே நேரம், இதே மாதிரி. தொடர்ந்து நாலஞ்சு தடவை தயங்காம எடுத்ததும் எலிக்கு மாத்துங்க, எலி 50, 60 கிராமுக்கு மேல வேண்டாம், பாம்போட பருத்த எடம் அளவுக்கு இருந்தா சரி. இடுக்கி தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவிருங்க, பசங்களுக்கும் சொல்லி வையுங்க.