பழைய ரோடு பைக்கை டைம் ட்ரையலுக்குத் தேற்ற முடியுமா?

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் 20 கிலோமீட்டர் டைம் ட்ரையலுக்கு (ஒவ்வொருவரும் தனியாக, கடிகாரத்தோடு போட்டியிடும் சைக்கிள் பந்தயம்) துணிந்து பெயர் கொடுத்துவிட்டேன். இருப்பது பழைய அலுமினிய ரோடு பைக், கையில் 8,000 ரூபாய். டைம் ட்ரையலுக்கென்றே செய்த டிடி பைக் எல்லாம் கனவுதான்.

முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட, ஹேண்டில்பார் மேல் மாட்டும் கிளிப்-ஆன் ஏரோபார் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். ஹேண்டில்பார் நடுவில் 31.8 மிமீ; அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மிலிருந்து இரண்டு விரல் தள்ளினால் ஒல்லியாகிவிடுகிறது. கிளாம்ப் பிடிக்கவில்லை. பழைய டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினேன். பாரதி சாலை வேகத்தடையில் முழங்கை பேட் அப்படியே கீழே சுழன்றுவிட்டது. பல் தப்பியதே புண்ணியம். இதற்குச் சரியான ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) எங்கே கிடைக்கும்?

அப்புறம் சீட். சீட் டியூப் (சீட்டுக்குக் கீழே உள்ள ஃபிரேம் குழாய்) கோணம் 73 டிகிரி, சீட் பின்னால் தள்ளி இருக்கிறது என்பதால், குனிந்து படுத்தால் தொடை வயிற்றில் இடிக்கிறது. சீட்டை ரெயில் முடியும்வரை முன்னால் தள்ளியாயிற்று. இன்னும் முன்னால் வர, சீட்போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் கம்பி) முன்பின்னாகத் திருப்பிப் போடச் சொல்கிறார் கடைக்கார அண்ணன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? முட்டி வலிக்குமா?

டீப் ரிம் (உயரமான விளிம்புள்ள சக்கரம்) வாங்கச் சொல்லாதீர்கள், கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும், காசும் இல்லை. 27.2 மிமீ நேர் சீட்போஸ்ட் பழையது இருந்தால் சொல்லுங்கள், புதுச்சேரிக்கே ஓட்டிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்கிறேன்.