ஆக்டேன் எண்ணில் எட்டுக்கு என்ன வேலை?

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்க் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலையில், எரிபொருள் பக்கத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் 'ஆக்டேன் எண்'ணுக்கு நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட 'எட்டக எண்' எனக்கு ஒப்பவில்லை. ஆக்டேனில் எட்டு கார்பன் அணுக்கள் இருப்பது உண்மைதான். ஆனால் இந்த எண் எட்டையும் சொல்லவில்லை, பெட்ரோலில் ஆக்டேன் எவ்வளவு என்பதையும் சொல்லவில்லை. ஐசோ-ஆக்டேனுக்கு 100, நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அவ்விரண்டின் எந்தக் கலவைக்கு நிகராக ஓர் எரிபொருள் தட்டலை (knocking, இன்ஜினுக்குள் எரிபொருள் தானாக வெடிப்பதை) தாங்குகிறது என்று சோதனை இன்ஜினில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவே. நேர்ச்சங்கிலி ஆக்டேனிலும் எட்டு கார்பன் உண்டு. அதன் எண்ணோ சுழிக்கும் கீழே! எத்தனாலில் கார்பன் இரண்டே. எண் 100-ஐத் தாண்டுகிறது.

மாற்றாகச் சொல்லப்பட்ட 'திறன் எண்' இன்னும் மோசம். ஆக்டேன் எண் 91 போதும் என்று கையேடு சொல்லும் காருக்கு 98 ஊற்றிவிட்டு வேகம் கூடியதாக மகிழ்பவருக்கு நாமே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

என் பரிந்துரை: பொறுதி எண். பொறி தெறிக்கும்வரை பொறுத்திருக்கும் எரிபொருள் என்ற பொருளில்.

---

நண்பரே, பொறுதி அழகான சொல். உங்கள் விளக்கத்தில்தான் பிழை. பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது 'முன்பற்றல்'. அது வேறு கோளாறு. தட்டலில் பொறி உரிய நேரத்தில்தான் தெறிக்கிறது. தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் எஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. ஏற்றத்தில் மேல் கியரிலேயே மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் கேட்குமே, அந்த ஓசை. ஆகவே பொறுதி என்பது தீ தன்னிடம் வந்து சேரும்வரை பொறுப்பது. அமுக்க விகிதம் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) கூடிய இன்ஜின்களுக்கு அந்தப் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொன்று, அளவிடும் முறையையும் சொல்லாமல் எண்ணை எழுதாதீர்கள். ஆய்வு முறையில் (RON) 95 காட்டும் பெட்ரோல், இன்னும் கடுமையான சோதனையான மோட்டார் முறையில் (MON) 85 அளவில் நிற்கும். அமெரிக்க பம்புகளில் இருப்பது இரண்டின் சராசரி. அங்குள்ள 87 ஆய்வு முறையில் ஏறத்தாழ 91. அது தெரியாமல், ஆய்வு முறையில் 91 கேட்கும் கையேட்டுக்காரர் வீணாகப் பதறுவார்.

---

திருத்தத்துக்கு நன்றி; ஏற்றுக்கொண்டேன். வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: "ஆய்வு முறைப் பொறுதி எண் (ஆக்டேன் எண்) 91-க்குக் குறையாத பெட்ரோலை நிரப்பவும்." பம்பில் ஆக்டேன் என்றே இருப்பதால் அடைப்புக்குறியை எடுக்க மனமில்லை.

அடுத்த பக்கத்தில் டீசலின் சீட்டேன் எண் காத்திருக்கிறது. அது நேர்மாறு: எவ்வளவு விரைவில் தானாகப் பற்றுகிறது என்ற அளவு. 'பற்றுமை எண்' எப்படி? பொறுதிக்கு எதிர்ச்சொல் தேடி 'பதற்ற எண்' என்று மட்டும் யாரும் கிளம்பிவிட வேண்டாம்.