கோயில்காட்டைப் படம் எடுத்தால் ஒரே பச்சைக் குழப்பமாக வருகிறது, என்ன செய்யலாம்?

வளவுவீட்டான் (காரைக்குடி):

வணக்கம். நமக்குத் தொழில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) படம் எடுப்பது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் எங்கள் ஊர்ப்பக்கத்து அய்யனார் கோயில்காட்டை எடுத்து வருகிறேன். வீரை, பாலை, காசா, நடுவில் ஒரு பெரிய இலுப்பை. நேரில் நின்றால் கும்பிடத் தோன்றுகிறது. படத்தில் முள்ளும் கொடியும் வெயில் புள்ளியுமாக ஒன்றும் புரியவில்லை. 24 எம்எம் லென்ஸில் இலுப்பை சிறுத்துப் பின்னால் சாய்கிறது, 85இல் அடிமரம் மட்டும்தான் விழுகிறது. வெளிநாட்டுக் காட்டுப் படங்களில் இருக்கும் அமைதி இதில் ஏன் இல்லை? இன்னொன்று, சிரிக்காதீர்கள். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று வீட்டில் கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

செம்பொறை (திருமயம் பக்கம்):

தம்பி, முதலில் அந்த வெளிநாட்டுப் படங்களை மறந்துவிடுங்கள். அங்கே மரம் உயரம், அடியில் வெளி, குளிர்காலத்தில் கிளை மட்டும் நிற்கும். நம்முடையது உலர் பசுமைமாறாக் காடு. மரம் குட்டை, இலை தடிப்பு, கீழே காரையும் சூரையும் கையைக் கிழிக்கும். சித்திரையிலும் பச்சையாகவே நிற்கும். அந்த நெரிசல்தான் இதன் முகம், அதைத் துடைத்துவிட்டு எடுக்க முடியாது.

நீங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் படம் எடுத்துப் பழகியவர். உச்சிவேளையில் நடுமுற்றம் பற்றி எரியும், தூண்கள் இருட்டில் நிற்கும். காட்டுக்குள்ளும் அதே தொல்லைதான். அதனால் வெயில் ஏறும் முன் போங்கள். காற்று அசையாத நேரம், முக்காலி போட்டால் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்து அரை விநாடிகூடத் தாங்கும். வீரை, காசா இலைகளில் ஒரு மெழுகுப் பளபளப்பு உண்டு. லென்ஸ் முன்னால் போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்பினால் அந்த வெள்ளை போய் நிஜப் பச்சை வரும். எனக்குப் பிடித்தது ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள், பட்டையெல்லாம் கறுத்திருக்கும். மார்கழி மூடுபனி கிடைத்தால் இன்னும் நல்லது. பின்னால் உள்ள புதரை அது மறைக்கும், முன்மரம் தனியாகத் தெரியும்.

இலுப்பை முழுசாக வேண்டுமென்றால் தள்ளி நின்று, கேமராவை நெட்டுக்குத்தாக மட்டம் பார்த்து வைத்து, 50இல் வரிசையாக எடுத்து ஒட்டுங்கள். சாயாது. மாசி, பங்குனியில் பழைய இலை கொட்டிச் செம்பு நிறத்தில் தளிர்க்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

அர்த்தத்துக்கு வருகிறேன். 'ஐந்நூறு வருஷத்து மரம்' என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். பருமனை வைத்து வயசு சொல்ல முடியாது. வீரை அத்தனை மெதுவாக வளரும், தொடை கனத்து வீரை பக்கத்துப் பெரிய ஆலமரத்துக்கு மூத்ததாக இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்த மரங்களின் அர்த்தம் காட்டு எல்லையில் இருக்கிறது. வெளியே தைலமரம், முந்திரி, சீமைக்கருவேல். உள்ளே அடுப்புக்குக்கூட ஒரு குச்சி ஒடிக்க மாட்டார்கள். அந்த இரண்டும் ஒரே படத்தில் வரட்டும். மண்குதிரைகளை விட்டுவிடுங்கள். நமணசமுத்திரத்துக் குதிரை வரிசையை எடுக்காத கேமராவே கிடையாது.

வேளார் வீட்டுப் பிள்ளை:

குதிரையை விடச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் புரவி செய்கிறார்கள். ஊரார் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். கண்மாய் மண்ணில் மணலும் வைக்கோலும் சேர்த்துச் செய்து, சுட்டு, புரவி எடுப்பன்று, குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிப் போகும் அந்தத் திருவிழா நாளில், காட்டுக்குப் போய்விட்டால் அதோடு சரி. கால் உடைந்தாலும் ஒட்ட மாட்டோம், மண் மண்ணுக்கே போகும். பின்வரிசையில் வயிறு பிளந்த குதிரைக்குள் அத்தியோ ஆலோ முளைத்திருக்கும், போய்ப் பாருங்கள். அதை மரப் படம் என்பீர்களா, குதிரைப் படம் என்பீர்களா?

செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். பூசாரியிடமும் ஊர்த் தலைவரான அம்பலகாரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். சில காடுகளில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்பார்கள். என் தங்கைக்கு அதில் கோபம், எனக்கும்தான்.

ஆறுமணிக்குருவி:

ஒரு கல்லை அடையாளம் வைத்து, அதே இடத்தில் அதே உயரத்தில் வருஷாவருஷம் எடுங்கள். கூடவே என்னென்ன மரம் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடும் சேர்ந்தது. அது ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவுதான். சின்னக் காடு என்று யாரும் தள்ளிவிட முடியாது. நாளை நாமும் அந்த அறிவிப்பைக் கேட்கப் போனால் காட்டுவதற்கு உங்கள் படம் இருக்கும். ஆனால் லொகேஷனைப் பொதுவில் போடாதீர்கள். கூட்டம் வரும், கூடவே பாலிதீன் பையும் வரும்.

வளவுவீட்டான்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் காட்டுக்கு மேற்கே தைலமரம்தான், கண்மாய்க் கரைமேல் ஏறினால் இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடும். பின்வரிசைக் குதிரைகளையும் விடப் போவதில்லை, செம்பொறை அண்ணன் கோபிக்கக் கூடாது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கேமரா எப்படியும் சும்மாதான் இருக்கும். ஒரு சந்தேகம்: 77 எம்எம் விட்டத்தில் ஒரே போலரைசர் வாங்கி, சின்ன வாய் லென்ஸுக்கு ஸ்டெப்அப் ரிங் போட்டு எல்லா லென்ஸுக்கும் மாட்டலாமா?

செம்பொறை:

மாட்டலாம். மெல்லிய வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் 24இல் மூலை கறுக்கும். குதிரை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.