'கிடைத்தள எறிபொருள்': கிடை எதோடு சேர வேண்டும்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளில் இந்தக் கலைச்சொல் இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை நகலெடுக்கப் போகிறது. அதற்குள், உயரத்திலிருந்து கிடையாக (தரைக்கு இணையாக) எறியப்பட்டு வளைந்து விழும் பொருளுக்கு (horizontal projectile) ஒரு சொல் தேவை என்றுதான் பென்னாகரத்திலிருந்து கேட்டேன். கேட்ட காரணத்தை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

இதுவரை 'கிடைத்தள எறிபொருள்' என்றே சொல்லிவந்தேன். போன வாரம் ஒரு மாணவி, "சார், கிடைத்தளம்னா தரையோடவே போறதுதானே, அப்புறம் எப்படி விழும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. 'கிடைத்தளம்' என்ற அடை பொருளோடு ஒட்டிக்கொள்வதால், பயணம் முழுவதும் கிடையாகவே நடக்கிறது என்று படிக்கத் தோன்றுகிறது. கிடையாக இருப்பது கிளம்பும் கணத்தின் திசை மட்டுமே. அடுத்த கணமே பாதை வளையத் தொடங்கிவிடுகிறது.

மேசை விளிம்பில் இரண்டு நாணயங்களை வைத்தேன். ஒன்றை ஸ்கேலால் தட்டிவிட்டு, அதே நேரத்தில் இன்னொன்றை நேராக விழவிட்டேன். தட்டியது பிந்தித்தான் விழும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். 'டக்' என்று ஒரே சத்தம். 80 செ.மீ. உயர மேசையென்றால் விழ ஆகும் நேரம் சுமார் 0.4 நொடி. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தட்டினால் 0.8 மீட்டர் தள்ளி விழும், 4 மீட்டர் என்றால் 1.6 மீட்டர். நேரம் மட்டும் மாறாது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், நான்காம் நாள் உரையாடலை இப்படி விளிம்பு தாண்டி விழும் பொருளிலிருந்துதான் தொடங்குகிறார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒகேனக்கல் பாறை விளிம்பு. அங்கே தண்ணீர் தினமும் இதைத்தான் செய்கிறது.

இனி உங்கள் மறுமொழிகளுக்கு வருகிறேன்.

ஊத்தங்கரை அம்மா 'கிடை'யைப் பற்றி இரண்டு மடல் எழுதியிருந்தார். கிட என்னும் வினையடி, ஆட்டுக்கிடை, பெருமாளின் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் எல்லாம் படிக்க இனிமையாக இருந்தன. ஆனால் 'கிடை' வேண்டுமா என்பது என் கேள்வியில்லை. அது எந்தச் சொல்லைத் தழுவ வேண்டும் என்பதே.

ஓசூர் நண்பர் 'மட்டவீச்சு' என்றார். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு ரசமட்டம் தெரியும், உடனே புரியும் என்பது உண்மைதான். ஆனால் பாடநூலில் 'வீச்சு' அலைவின் உச்ச அளவுக்கு (amplitude) போய்விட்டது, பொருள் போய் விழும் தூரத்துக்கு 'நெடுக்கம்' இருக்கிறது. ஒரே ஆண்டில் ஒரு சொல்லை இரண்டு பொருளில் தர எனக்கு மனமில்லை. 'புராஜெக்டைல்' என்றே விட்டுவிடலாம் என்ற அவருடைய இன்னொரு யோசனையையும் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லிலிருந்து என் மாணவிக்கு எந்தப் படமும் எழாது.

அதியமான் ஊரில் இருந்துகொண்டு 'எய்தல்' இல்லாமலா என்று கேட்டவருக்கு: எய்ய வில் வேண்டும். 'எறி' பழைய வழக்கில் வெட்டுதலும் ஆகும் ('களிறெறிந்து பெயர்தல்', புறம் 312) என்ற எச்சரிக்கை சரி. ஆனால் இன்றைய வகுப்பில் அந்தக் குழப்பம் வராது.

என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்க வைத்தது அரூர்த் தமிழாசிரியரின் மடல். 'எறிபொருள்' வினைத்தொகை. எறிந்த, எறிகின்ற, எறியும் என்று மூன்று காலமும் அதில் கரந்திருக்கின்றன. எறிதல் முடிந்த செயல் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. எறிதல் முடிந்துவிட்டது என்பதுதான் இயற்பியலில் உயிர்நிலை! கையைவிட்டுப் போன கல்லை எறிந்த விசை இன்னும் தள்ளிக்கொண்டே போகிறது என்று விடைத்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறேன். காற்றுத்தடையை விட்டுவிட்டால், கல்லின்மேல் செயல்படுவது புவியீர்ப்பு ஒன்றுதான். கிடைத்திசைவேகம் மாறாமல் இருப்பது எதுவும் தள்ளாததால்தான். தவறான எண்ணத்துக்குச் சொல்லும் ஒரு காரணம் என்று சாதிக்க மாட்டேன், ஆனால் சொல் உதவவில்லை.

அதனால் 'கிடையாக எறிந்த பொருள்' என்று காலம் காட்டும் பெயரெச்சத்தோடு முன்வைத்தேன். அது விளக்கம், கலைச்சொல் அல்ல என்று நால்வர் மறுத்தார்கள். இலங்கை வழக்கான 'எறியம்' எனக்குப் பிடித்திருக்கிறது, காலச் சிக்கலே இல்லை. ஆனால் தேர்வில் திருத்துபவர் 'எறிபொருள்' என்றுதான் எதிர்பார்ப்பார். பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நான் சோதனை செய்ய முடியாது.

கடைசியில் பெரும்பான்மை 'கிடையெறி' என்கிறது. செயலுக்குப் பெயர், வினையடியே பெயராக நிற்கும் முதனிலைத் தொழிற்பெயர். கிடை எறிதலைத் தழுவுகிறது, பொருளைத் தழுவவில்லை. நான் கேட்டது இதைத்தான். 'கிடையெறி இயக்கம்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்ததும் பழைய வினைத்தொகை வாசிப்பு திரும்பி வந்துவிடும் என்று அரூர் ஐயா இன்னும் மறுக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்குத் தாளின் தலைப்பில் 'கிடையெறி', பக்கத்தில் பாடநூலின் 'எறிபொருள்', வரையறையில் 'கிடையாக எறிந்த' என்று எழுதியிருக்கிறேன். ஐயாவோ மற்றவர்களோ இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.