சேரன்மகாதேவி பக்கம் வீடு: காவலுக்கு ராஜபாளையமா, வீட்டோட ஒரு சின்ன நாயா?

கால்வாய்க்கரை:
சேரன்மகாதேவிக்குக் கொஞ்சம் வெளியே, கன்னடியன் கால்வாய் ஓரமா வீடு. பின்னால வயலும் தென்னையும். வீட்டுல 74 வயசு அம்மா, மனைவி, 4 வயசுப் பிள்ளை. எனக்கு வேலை தூத்துக்குடியில, சனி ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். இந்தப் பக்கம் பம்புசெட் வயரை ராத்திரி அறுத்துட்டுப் போறானுவ. அதனால ராஜபாளையம் வாங்கலாம்னு நான் சொல்லுதேன். அத்தையால அதைப் பிடிக்க முடியாது, பொமரேனியனோ ஷிட்சுவோ போதும்னு மனைவி சொல்லுதா. சுவர் முன்பக்கம் மட்டும் 4 அடி, மத்த பக்கம் முள்வேலி. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பொதிகைத்தடம்:
தம்பி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாயைக் கையில பிடிக்கப்போறது யாருங்கிறதை முதல்ல முடிவு பண்ணுங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ராஜபாளையம் ஆண் நாய் தோள் உயரம் 65–75 செ.மீ. வரும், எடை 25 கிலோவுக்குக் குறையாது. எதிர்ல தெருநாயைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தா அம்மா தரையில கிடப்பாங்க. அந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா எழுந்து நடமாடுறது பெரும்பாடு. அதோட இந்த ஜாதி ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அடங்கும்: தினம் சோறு வச்சு, கூட்டிட்டு நடந்து, அதட்டிப் பழக்குறவங்களுக்கு. வாரக் கடைசியில வந்து போற ஆளு பேச்சு எடுபடாது.

4 அடிச் சுவரை அது ஓடி வந்து தாண்டிரும். முள்வேலியில நுழைஞ்சு தோலைக் கிழிச்சுக்கும். நாலு பக்கமும் 6 அடி அடைப்பு இல்லாட்டி பகல் பூரா சங்கிலியில கிடக்கும். வருசக்கணக்கா கட்டியே கிடக்கிற நாய் வெறிச்சுப்போய் பால்காரர், கேஸ் போடுற பையன், பேரன் யாருன்னு பார்க்காம பாயும். கவனக்குறைவா விட்ட நாய் கடிச்சா பாரதிய நியாய சன்ஹிதாங்கிற குற்றச் சட்டத்துல 291-ஆம் பிரிவுப்படி 6 மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

குட்டி வாங்கின அன்னிக்கே காவல் கிடைச்சிராது. அந்நியரைச் சந்தேகப்படுற புத்தி ஒரு வயசுக்கு மேலதான் உறைக்கும். செலவும் பாருங்க: 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி வேணும், உலர் தீவனம்னா 400 கிராம், மாசம் 12 கிலோ. 5 கிலோ நாய்க்கு 100 கிராம், மாசம் 3 கிலோ. மருந்து அளவும் எடைக்குத் தக்கபடிதான்.

அதுக்கு மேலயும் ராஜபாளையம்தான்னா, குட்டிக்குக் காது கேக்குதான்னு பாருங்க. சுத்த வெள்ளையில, அதுவும் நீலக்கண்ணுல, செவிடு வர்றது உண்டு. குட்டி வேற பக்கம் பார்க்கையில பின்னால சாவிக்கொத்தைக் குலுக்கணும். பக்கத்துல போய்க் கைதட்டினா காத்து அசைஞ்சே திரும்பிரும், ஏமாந்துருவீங்க. ஒரு காது மட்டும் செவிடா இருந்தா இதுல தெரியாது.

கரிசக்காட்டான்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா ஷிட்சுவை நினைக்கவே வேண்டாம். மூக்கு சப்பை, பக் நாயும் அப்படித்தான். நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது, மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கணும். சப்பை மூக்குல அந்தக் காத்துப் போக்கு பத்தாது. அக்னி நட்சத்திரத்துல பகல்ல கரண்டு போனாலே உசிருக்கு ஆபத்து. நாயோட உடம்புச் சூடு சாதாரணமா 101–102.5 பாரன்ஹீட், 105-ஐத் தாண்டினா குடல், சிறுநீரகம் எல்லாம் கெட ஆரம்பிக்கும். முடியைத் தினம் சீவணும், வயக்காட்டு உண்ணி அதுக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது.

நம்ம ஊர்ல பொமரேனியன்னு விக்கிறது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெயிலை ஓரளவு தாங்கும், வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா தெருவே முழிக்கிற மாதிரி குரைக்கும். வீட்டுத் திருட்டுக்கு அந்தக் குரைப்பே முக்கால் காவல். பல்லுல காரை பிடிக்கும், முழங்கால் சில்லு நழுவும், அதைப் பார்த்துக்கணும். 4 வயசுப் பிள்ளை தூக்கிக் கீழே போட்டா குட்டிக்குக் கால் முறியும். தரையில உட்கார்ந்துதான் மடியில வாங்கணும்னு பழக்குங்க.

பம்புசெட் வயரு வேற விஷயம். வீட்டுல கிடக்கிற எந்த நாயும் வயல்ல இருக்கிற மோட்டாரைக் காக்காது. வயரைக் குழாய்க்குள்ள விட்டு மண்ணுல புதைங்க, மோட்டார் ரூமுக்கு இரும்புக் கதவு போடுங்க.

என்னைக் கேட்டா ரெண்டும் வேண்டாம். நாட்டு நாய் பெட்டைக்குட்டி ஒண்ணு, வளர்ந்தா 15 கிலோ சொச்சம். அம்மாவாலயும் சமாளிக்க முடியும், வெயிலும் மழையும் அதுக்குப் புதுசில்ல.

கால்வாய்க்கரை:
பெட்டைக்குட்டின்னா வீட்டுல சம்மதிப்பாங்க. ஆனா தெருவில எடுக்கிற குட்டியைப் பிள்ளை பக்கத்துல விடலாமா? ஊசி எப்படி?

தொழுவத்தடி:
விடலாம், குட்டி 8 வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்திருந்தால் நல்லது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அங்கேதான் கற்கிறது. தாயைப் பார்த்துவிட்டு எடுங்கள். ஆள் பக்கத்தில் போனாலே சீறும் தாயின் குட்டி வேண்டாம். பயந்து மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம், பின்னாளில் கடிப்பது பெரும்பாலும் பயத்தால்தான்.

குடற்புழு மருந்து 12 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, அப்புறம் 3 மாதத்துக்கு ஒரு முறை. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியை 6–8 வாரத்தில் தொடங்கி 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடவேண்டும். முதல் ஊசியோடு நிறுத்துவதால்தான் பார்வோ என்னும் ரத்தக்கழிச்சல் நோயில் இத்தனை குட்டிகள் சாகின்றன: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சத்து ஊசி மருந்தை முறித்துவிடும், அது எப்போது வடியும் என்று வெளியிலிருந்து தெரியாது. வெறிநோய் ஊசி 12 வாரத்தில், பிறகு வருடந்தோறும்.

உங்கள் இடத்துக்கு இன்னொன்று முக்கியம். கால்வாய், நெல் வயல், எலி மூன்றும் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ சேர்ந்த ஊசிதானா என்று கேட்டுப் போடுங்கள், மனிதருக்கும் தொற்றும் நோய் அது. அதன் பாதுகாப்பு ஒரு வருடத்துக்குத்தான். உண்ணியைக் காது மடலிலும் விரல் இடுக்கிலும் தினம் தேடுங்கள். சுவர் வெடிப்பில் முட்டை இடும் என்பதால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுத் தீராது, வெடிப்பைப் பூசவும் வேண்டும்.

பிள்ளையை நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே விடாதீர்கள். விளையாட்டாகப் பல் பட்டுத் தோல் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம்.

கருத்தடை அறுவையை 6 மாதத்துக்கு மேல் செய்யலாம். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். அறுவைக்கு முதல் நாள் இரவுக்குப் பின் சோறு வைக்காமல், ஊசி அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள்.