சம்பளக் கணக்கெடுப்பு அட்டவணையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

வெண்ணிலா:
அடுத்த வாரம் சம்பள உயர்வு கேட்கப் போகிறேன். வேலை அமெரிக்காவில், பதவிப்பெயர் அக்கவுண்டன்ட். தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் தொழில்வாரி ஊதிய அட்டவணையைத் திறந்தால் ஒரே வேலைக்கு இத்தனை எண்கள்: சராசரி, மீடியன், 10, 25, 75, 90 பெர்சென்டைல். 90 பெர்சென்டைல் என்றால் 90 சதவீதம் பேர் அதை வாங்குகிறார்கள் என்று அர்த்தமா? எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். 10-ஐத்தான் கேட்க வேண்டுமா?

பழைய பேரோல்காரன்:
இந்தக் கணக்கெடுப்புப் படிவத்தை நிறுவனத்தின் சார்பில் பல வருடம் நிரப்பியவன் நான். 90 பெர்சென்டைல் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். 90 சதவீதம் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள், 10 சதவீதம் பேர்தான் மேலே.

10 பெர்சென்டைலை ‘ஆரம்பச் சம்பளம்’ என்று படிக்கிறவர்கள் நிறைய. அங்கே இருபது வருடம் வேலை பார்த்தவரும் இருக்கலாம். படிவத்தில் யாருடைய அனுபவத்தையும் நான் எழுதியதில்லை.

மீடியன் என்பது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம். ஐந்து பேர் மணிக்கு 20, 22, 24, 26, 58 டாலர் வாங்கினால் மீடியன் 24, சராசரி 30. அந்த 58 ஒருவரே சராசரியை இழுத்துவிட்டார். பேசப் போகும்போது மீடியனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரியைச் சொன்னால் விவரம் தெரிந்த மேலாளர் உடனே மடக்குவார்.

ஆண்டு ஊதியம் பெரும்பாலான வேலைகளுக்கு மணி ஊதியத்தை 2,080-ஆல் பெருக்கி வருவது (வாரம் 40 மணி, 52 வாரம்). நீங்கள் வாரம் 30 மணி வேலை பார்த்தால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. ஆசிரியர்கள் மாதிரி வருடம் முழுக்க வேலை இல்லாதவர்களுக்கு அட்டவணையில் ஆண்டு ஊதியம் மட்டுமே இருக்கும்.

அப்புறம் முக்கியமானது: இது உங்கள் பே ஸ்லிப்பில் இருக்கும் தொகை அல்ல. ஓவர்டைம், ஷிஃப்ட் படி, வருடக் கடைசி போனஸ், காப்பீட்டுக்கு முதலாளி கட்டும் பணம் எதுவும் இதில் சேராது.

மழைத்துளி:
சின்ன சேர்க்கை. டிப்ஸும் கமிஷனும் செய்து முடித்த வேலையின் அளவுக்குத் தரும் உற்பத்தி போனஸும் சேரும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். போன வருட அட்டவணையோடு ஒப்பிட்டு ‘இவ்வளவு ஏறிவிட்டது’ என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று வருடத் தரவைச் சேர்த்துப் போடும் மதிப்பீடு அது. பக்கத்தில் திட்டப்பிழை சதவீதம் இருந்தால் அதையும் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் எண் ஆட்டம் காணும்.

பழைய பேரோல்காரன்:
டிப்ஸ், கமிஷன் விஷயம் சரி, விட்டுவிட்டேன். வெண்ணிலா, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்? பதவிப்பெயரை வைத்துத் தொழில் குறியீடு (அட்டவணையில் ஒவ்வொரு தொழிலுக்கும் உள்ள எண்) தர மாட்டார்கள், செய்யும் வேலையை வைத்துத்தான். நான் இருந்த இடத்தில் சம்பளம் ஏற்றாமல் பெயரை மட்டும் ஏற்றுவார்கள். ‘மேலாளர்’ என்று அட்டை வைத்திருந்த ஒருவருக்குக் கீழே ஒரு ஆள் கூட இல்லை. அவரை மேலாளர் வரிசையில் எழுதச் சொன்னார்கள், நான் எழுத்தர் வரிசையில் எழுதினேன். அவர் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெண்ணிலா:
பில் பதிவது, வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பது, விற்பனையாளர்களுக்குப் பணம் அனுப்புவது. நிதி அறிக்கை தயாரிப்பது வேறொருவர்.

பழைய பேரோல்காரன்:
அப்படியானால் 13-2011 (கணக்காளர், தணிக்கையாளர்) உங்கள் வரிசை அல்ல. 43-3031, அதாவது கணக்குப் பதிவு எழுத்தர்கள், அதைப் பாருங்கள். நாடு முழுவதற்கான எண்ணை விட்டுவிட்டு உங்கள் பெருநகரப் பகுதிக்கானதை எடுங்கள். உங்கள் ஊர் வாடகை தெரியாத எண்ணை வைத்துப் பேரம் பேச முடியாது.

வெண்ணிலா:
பார்த்தேன் சார். அந்த வரிசையில் நான் மீடியனுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறேன்! சம்பளம் கேட்பதற்கு முன்னால், நிதி அறிக்கை வேலையில் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்கப் போகிறேன்.