புது சர்வதேச ஜெட் ரூட்டுகளும் லேஓவரும்: ரீஜனல் பைலட்டுகளின் அனுபவப் பகிர்வு

இ-ஜெட் கேப்டன்:

ரீஜனல் ஏர்லைன் வெளிநாட்டு ரூட் திறக்கிறது என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஜெட் கஷ்டமா?" என்பதுதான். ஜெட் பழகிவிடும், டைப் ரேட்டிங்கும் சிமுலேட்டரும் அதற்குத்தான். ஆனால் டர்போபிராப் (புரொப்பெல்லர் விமானம்) ஓட்டிப் பழகிய கை இரண்டு இடங்களில் ஏமாறும்.

முதலாவது இறக்கம். ஏடிஆர் என்ற டர்போபிராப்பில் பவரை இழுத்தால் புரொப்பெல்லரே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஜெட்டில் அந்த உதவி கிடையாது. வேகமாக இறங்கிக்கொண்டே வேகத்தையும் குறைக்க முடியாது. ஆயிரம் அடிக்கு 3 மைல் (கடல் மைல்), குறைக்க வேண்டிய ஒவ்வொரு 10 நாட் (knot) வேகத்துக்கும் 1 மைல் என்று கணக்கு வையுங்கள். 36,000 அடியிலிருந்து இறங்க 108 மைல், 300 நாட் வேகத்திலிருந்து 210-க்கு வர இன்னொரு 9. பின்காற்று அடித்தால் அதற்கும் கூட்டுங்கள். நள்ளிரவில் டிராஃபிக் இல்லாத வானத்தில் கன்ட்ரோலர் திடீரென்று நேர்வழி தருவார். 20 மைல் குறைந்துபோகும். வாங்குவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். "முடியாது" என்று சொல்ல எந்த நாட்டிலும் உரிமை உண்டு.

இரண்டாவது ஆக்சிஜன். ஏடிஆர் 72 அதிகபட்சம் 25,000 அடிதான் ஏறும். அங்கே கேபின் பிரஷர் போனால் மூளை தெளிவாக வேலை செய்ய 3 முதல் 5 நிமிடம் இருக்கும். இ-ஜெட் (எம்ப்ரேயர் ரீஜனல் ஜெட்) ஏறக்கூடிய 41,000 அடியில் 15, 20 விநாடிதான். மாஸ்க்கை எடுத்து மாட்டும் பழக்கம் கையில் ஊறியிருக்க வேண்டும். முதல் ஃப்ளைட்டில் சரிபார்க்கும்போது மைக் சுவிட்சை மாஸ்க்குக்கு மாற்றி ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், ஆக்சிஜன் வந்தும் பேச்சு வராமல் தடுமாறுவது அங்கேதான்.

ஃபர்ஸ்ட் ஆஃபீசர்:

கேப்டன் சொன்னதோடு ஆல்டிமீட்டரையும் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி) சேர்க்கிறேன், என் பார்வையில் ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். அமெரிக்காவில் டிரான்சிஷன் ஆல்டிடியூட் (உள்ளூர் பிரஷரை விட்டுப் பொது அளவுக்கு ஆல்டிமீட்டரை மாற்றும் உயரம்) எல்லா இடத்திலும் 18,000 அடி, பிரஷர் பாதரச அங்குலத்தில். மற்ற பல நாடுகளில் அது விமான நிலையத்துக்கு விமான நிலையம் மாறும், பிரஷர் ஹெக்டோபாஸ்கலில். அங்குலத்தில் பழகிய காது "நைன் நைன் டூ" என்று கேட்டால் கை தானாக 29.92 வைத்துவிடும். 992 ஹெக்டோபாஸ்கல் என்றால் உண்மையில் 29.29. இந்தத் தவறில் ஆல்டிமீட்டர் 2,000 அடி காட்டும்போது விமானம் சுமார் 1,400 அடியில் இருக்கும்.

ஐஎல்எஸ்ஸில் (ரேடியோ வழிகாட்டும் தரையிறக்க முறை) இறங்குபாதையைக் காட்டும் கிளைட்ஸ்லோப் தரையிலிருந்து வரும் சிக்னல். குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது உயரம் பொருந்தவில்லை என்றால் தெரிந்துவிடும். பேரோ-விநேவ் அப்ரோச்சில் (விமானத்தின் கணினியே இறங்குபாதை போடும் முறை) பாதையே ஆல்டிமீட்டரை நம்பி வரையப்படுகிறது. பிரஷரை இப்படித் தவறாக வைத்தால் பாதை முழுவதும் கீழே நகர்ந்திருக்கும், காக்பிட்டில் எல்லாம் சரியாகவே தெரியும். 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோலில் கன்ட்ரோலர் 1001-க்குப் பதில் 1011 என்று சொன்னார். மேகத்துக்குள் வந்த ஏ320 ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், ரேடியோ ஆல்டிமீட்டரில் (தரையிலிருந்து நேரடி உயரம் அளப்பது) 6 அடி வரை இறங்கி, மேலேறித் தப்பியது. 10 ஹெக்டோபாஸ்கல் பிசகினாலே சுமார் 280 அடி. கன்ட்ரோலர் சொன்னதை ஏடிஸோடு (விமான நிலையத்தின் பதிவு செய்த வானிலை அறிவிப்பு) ஒப்பிடுங்கள். திரும்பச் சொல்லும்போது அலகையும் சொல்லுங்கள். ரேடியோ ஆல்டிமீட்டரின் 2,500 அடி அழைப்பு வரும்போது இந்த நிலப்பரப்புக்கு அது நியாயமா என்று இருவரும் பாருங்கள்.

சர்க்ளிங் (ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துச் சுற்றிவந்து இறங்குவது) பற்றி ஒரு வரி: பழைய அமெரிக்க டெர்ப்ஸ் முறை சார்ட்டில் சி கேட்டகரி வேக விமானத்துக்குப் பாதுகாப்பு வட்டம் 1.7 மைல், சர்வதேச பேன்ஸ்-ஆப்ஸ் முறை சார்ட்டில் 4.2. சார்ட் எந்த முறைப்படி போட்டது என்று பார்க்காமல் பிரீஃபிங்கை முடிக்காதீர்கள்.

டிஸ்பாட்ச் அனுபவம் உள்ள கேப்டன்:

எரிபொருள் ரசீது. நமக்கு வேண்டியது கிலோ. பவுசர்காரர் (எரிபொருள் லாரிக்காரர்) தருவது லிட்டர், சில இடத்தில் அமெரிக்க கேலன். 6,000 கிலோ ஏற்ற வேண்டுமென்றால், அடர்த்தி 0.8 என்று கொண்டால் 7,500 லிட்டர், கேலனில் சுமார் 1,980. அடர்த்தியை ரசீதிலிருந்தே எடுங்கள், அது வெப்பநிலையோடு மாறும். 1983-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் இரண்டு இன்ஜினும் அணைந்து கிம்லியில் கிளைடராக இறங்கியதற்குக் காரணம், 0.8-க்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டுப் பெருக்கியதுதான். எண் கையில் இருந்தது, அலகுதான் தவறு. ஏற்றுவதற்கு முன் டேங்கில் இருந்த அளவு, ஏற்றியது, இப்போது கேஜ் காட்டுவது மூன்றும் கூட்டிக்கழித்தால் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் கதவை மூடாதீர்கள்.

புது ஸ்டேஷனில் டோ பார் (விமானத்தைத் தள்ளும் வண்டியோடு இணைக்கும் கம்பி) இருக்கிறதா என்று முதல் ஃப்ளைட்டுக்கு முன்பே கேளுங்கள். 737-க்கும் ஏ320-க்கும் வைத்திருப்பார்கள். இ-ஜெட்டுக்கு அது பொருந்தாது. புஷ்பேக் இல்லாமல் ஏரோபிரிட்ஜில் மாட்டிக்கொண்டால் ஸ்லாட் (புறப்பட ஒதுக்கிய நேரம்) போகும். ஐரோப்பாவில் கணக்கிட்ட டேக்-ஆஃப் நேரத்துக்கு 5 நிமிடம் முன், 10 நிமிடம் பின், அவ்வளவுதான் ஜன்னல். ஏபியு (இன்ஜினைக் கிளப்ப உதவும் சிறு துணை இன்ஜின்) வேலை செய்யாத விமானத்தை அனுப்பினால், காற்றழுத்தம் கொடுத்து இன்ஜினைக் கிளப்பும் ஏர் ஸ்டார்ட் யூனிட்டும் அங்கே வேண்டும்.

ரோஸ்டர் கமிட்டியில் இருப்பவர்:

லேஓவருக்கு, அதாவது இரு டியூட்டிக்கு நடுவே வெளியூரில் தங்குவதற்கு, வருவோம். "10 மணி நேர ஓய்வு" என்று ரோஸ்டரில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், கடிகாரத்தோடு நடந்து பாருங்கள். இரவு 22:00-க்கு டியூட்டி முடிகிறது. இமிக்ரேஷன் வரிசை 45 நிமிடம், வண்டி 40, ஹோட்டல் செக்-இன் 10, குளியலும் சாப்பாடும் 50. படுக்கும்போது 00:25. காலை 08:00-க்கு ரிப்போர்ட்டிங் என்றால் 07:00-க்கு பிக்கப், 06:10-க்கு எழ வேண்டும். தூக்கம் 5 மணி 45 நிமிடம். அமெரிக்க விதி 117 கேட்பது 10 மணி நேர ஓய்வுக்குள் 8 மணி நேரம் இடையூறில்லாத தூக்க வாய்ப்பு. ஐரோப்பிய விதியும் வெளியூரில் அதே 8 மணி நேரத்தைக் கேட்கிறது, பயண நேரத்தையும் கணக்கில் எடுத்து. உள்ளூர் ரூட்டில் இமிக்ரேஷன் கிடையாது, அதனால் பழைய ரோஸ்டர் வார்ப்பு அப்படியே ஓடியிருக்கும். புது ரூட்டுக்கு அதே வார்ப்பைப் போட்டால் இந்த ஓட்டை வரும். முதல் மாதம் ஒவ்வொரு லேஓவருக்கும் நேரத்தைக் குறித்து எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் ரோஸ்டர் மாறாது.

நேர மண்டலம் கடந்த குறுகிய லேஓவரில் உடலை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற முயல வேண்டாம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் அது நகரும். சொந்த ஊர் நேரப்படி தூங்குங்கள், திரைச்சீலையின் இடுக்கைக் கிளிப் போட்டு மூடுங்கள். லிஃப்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் பக்கத்து அறை வேண்டாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வைக்கலாம். பிக்கப் நேரம் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரத்திலும் சேர்த்து வர வேண்டும். ஏரோபிளேன் மோடிலேயே இருக்கும் போன் புறப்பட்ட ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அறை போனிலும் ஒரு வேக்-அப் கால் சொல்லிவையுங்கள்.

மது விதியும் மாறும். அமெரிக்காவில் குடித்த பிறகு 8 மணி நேரம் பறக்கக் கூடாது, இரத்தத்தில் ஆல்கஹால் 0.04 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஐரோப்பாவில் அளவு அதில் பாதி. இந்தியாவில் 12 மணி நேரம், பரிசோதனையில் பூஜ்யம். இவற்றில் கடுமையானதையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

இ-ஜெட் கேப்டன்:

ஆவணங்களில் ஒன்றிரண்டு. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட 10-ஆவது நாளிலிருந்துதான் செல்லும். அதன் பிறகு, 2016 ஜூலை முதல், ஆயுள் முழுக்க. ரூட் அறிவித்த வாரமே போட்டுவிடுங்கள். ஆங்கிலத் தேர்ச்சி லெவல் 4 என்றால் சர்வதேசப் பரிந்துரைப்படி 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு, லைசென்ஸில் தேதியைப் பாருங்கள். பையில் இருக்கும் சளி மருந்தையும் இருமல் மருந்தையும் சரிபாருங்கள்: கோடீன் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கேபினில் பூச்சிமருந்து அடிக்கச் சொல்லும் நாடுகளுக்குப் போனால் காலி கேன்களைத் தூக்கி எறியாதீர்கள், தரையில் அதிகாரி கேனில் உள்ள வரிசை எண்ணைக் கேட்பார்.